லண்டன்காரன் பாட்டு

என் வீட்டுக்காரர் ராஜ்மோகனுக்கு ஆயுசுக்கும் ஒரே ஒரு கேசட்தான். அதன் மேல் புதுச்சேரி ரெக்கார்டிங் கடைக்காரர் பச்சை மையில் எழுதியிருந்த பெயர் ‘சாட்டர்டே கோட்’. லண்டனில் ஒரு கோஷ்டி எண்பத்தொன்பதாம் வருஷம் போட்ட ஆல்பமாம். சோல் மியூசிக்காம், டான்ஸ் மியூசிக்கும் அதில் கலந்திருக்குமாம். சனிக்கிழமைக் கோட்டு. விருத்தாசலம் வெயிலில் சட்டை போட்டுக்கொள்வதே பெரும்பாடு, இவருக்குக் கோட்டு கேட்கிறது.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டுதான். கனத்த ஆண் குரல் ஒன்று இழுத்து இழுத்துப் பாடும். மேளம், நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் மாதிரி நின்று நின்று வரும். இவர் கண்ணை மூடிக்கொண்டு, “என்னா வேதனை பாரு நாயகி. அந்த லண்டன்காரன் உசுர உருக்கிப் பாடுறான்” என்பார்.

“வயித்து வலியா இருக்கும்ங்க. ஓமத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க” என்பேன்.

எங்கள் மகள் காவியா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்த டேப்ரிக்கார்டர் ஒருவழியாக உயிரை விட்டது. நான் அழவில்லை. ஆனால் பாட்டு போய்விட்டதா என்றால், இல்லை. குளிக்கும்போதும் சைக்கிள் துடைக்கும்போதும் இவரே அந்த வேதனையை முனகிக்கொண்டிருப்பார். போனில் தேடிக் கேட்கலாமே என்று காவியா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போனில் கேட்பதெல்லாம் பாட்டா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவர் கேட்க மாட்டேன் என்றதற்கு வேறு காரணம் இருந்தது. அந்தக் காரணம் எங்கள் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் பொம்மை செய்துகொண்டிருந்தது. பெயர் திருமால்.

எங்களுடையது செராமிக் எஸ்டேட்டில், அதாவது பீங்கான் தொழிற்பேட்டையில், பழைய ஷெட். ஃபியூஸ் கட்டை செய்கிறோம். திருமால் அண்ணன் பீங்கான் பொம்மை செய்பவர். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இரண்டு பேரும் ஒன்றாகச் செராமிக் படித்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அப்போது என் மாமனாருடையதாக இருந்த இதே ஷெட்டில், சூளைக்குப் பக்கத்தில், அந்த கேசட்டைப் போட்டு மாதக்கணக்கில் டான்ஸ் பழகியிருக்கிறார்கள். காலேஜ் ஆண்டு விழாவில் ஆடுவதற்காக.

விழா அன்றைக்கு கேசட்டை மைக்செட்காரரிடம் கொடுத்தது திருமால் அண்ணன். பாட்டு தொடங்கியதும் இவருக்குத் தலை சுற்றிவிட்டது. பழகிய பாட்டு இல்லை அது. யாரோ ஒரு பெண் பாடுகிறாள், மேளம் தலைதெறிக்க ஓடுகிறது. திருமால் அண்ணன் கொஞ்சம் தடுமாறிவிட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டார். இவர் பிடிக்கவில்லை. பழகின மாதிரி நிதானமாகத் திரும்பியவர் அண்ணன் மேல் மோதி, மேடையிலிருந்து விழுந்து, சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த சோடா பாட்டில்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். சனம் சிரித்தது. அண்ணன் மட்டும் முழுப் பாட்டும் ஆடி முடித்துக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதே கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார் இவர். பழைய லண்டன்காரன், பழைய வேதனை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? விழாவுக்கு வேறு கேசட்டைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்துவிட்டான் திருமால். தான் மட்டும் அந்த வேகப் பாட்டுக்கு ரகசியமாகப் பழகியிருக்கிறான். இவர் அப்படித்தான் கணக்குப் போட்டார். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அண்ணனைத் துரோகி என்று சொல்லிவிட்டார். “உனக்குத் தாளம் வரலேன்னா நான் இன்னாடா செய்யறது?” என்று அண்ணனும் கேட்டுவிட்டார். அன்றைக்குப் பேச்சு நின்றது.

நான் வந்தபோது அந்தச் சண்டைக்கு அஞ்சு வயசு. என் பெண்ணைவிட மூத்தது. அதற்கும் ஒரு காதுகுத்து வைத்திருக்கலாம்.

இரண்டு பேரும் பேசுவதே இல்லை என்று சொன்னால் அது பொய். வீராயி வழியாகப் பேசுவார்கள். இரண்டு ஷெட்டையும் கூட்டிப் பெருக்குகிறவள் வீராயி. இவர் வாசலில் நின்றுகொண்டு, “வீராயி, லாரிய கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு” என்பார். பத்தடி தள்ளி நிற்கும் அண்ணன், “வீராயி, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான்னு சொல்லு” என்பார். வீராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். “நான் எதுக்கு நடுவுல, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்குது?” என்பாள். அதற்கு மட்டும் இரண்டு பேரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பெண்பிள்ளைகள் நாங்கள் அப்படி இல்லை. அண்ணன் சம்சாரம் சிவசங்கரியும் நானும், கொல்லைப் பக்கம் அந்தச் சுவர் குட்டையாக இருக்கிற இடத்தில், அதற்கு மேலேயே குழம்பும் கூட்டும் மாற்றிக்கொள்வோம். அவள்தான் போன மாதம் அந்தச் சேதியைச் சொன்னாள். அண்ணனுக்கு மூச்சிறைப்பு. களிமண் தூசியில் இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார்கள். ஷெட்டை வேறு ஆளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது.

நான் இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “போவட்டும்” என்றார். ஆனால் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் தினமும் அண்ணன் ஷெட்டில் என்னென்ன கட்டுகிறார்கள், எது லாரியில் ஏறுகிறது என்று சுவர்ப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், எலி சத்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் பேசாமல் விட்டு, அவர் வண்டி ஏறிப் போய்விட்டால், மிச்ச ஆயுசுக்கும் அந்த முனகலை நான்தான் கேட்க வேண்டும். அது போகட்டும். இவருக்கு அந்த ஒரு சிநேகிதனை விட்டால் வேறு ஆள் கிடையாது. இத்தனை வருஷத்தில் வேறு யாரையும் அந்த இடத்தில் உட்காரவும் விடவில்லை. அதுதான் என் கவலை.

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் சென்னையிலிருந்து காவியா வந்திருந்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து இவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டாள்.

குபீரென்று மேளம் கிளம்பியது. மேலே ஒரு பெண் குரல், சிரித்துக்கொண்டே ஓடுகிற மாதிரி. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே தோள் தானாக ஆடியது. நல்லா இருக்கிறதே, இது எந்தப் படம் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். 

“இதுதான். இதத்தான் அன்னிக்கு மேடையில போட்டான்.”

“இதுதான்ப்பா உங்க சாட்டர்டே கோட். முதல் பாட்டு” என்றாள் காவியா.

“இல்ல. இது திருமால் கொடுத்த வேற கேசட்டு. நம்மளுது ஆம்பள பாடுறது.”

“ஆம்பளையே கிடையாதுப்பா. பாருங்க.” போனைத் திருப்பிக் காட்டினாள். ஆல்பத்து அட்டை. மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண், மழையில் பஸ் ஸ்டாப்பில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். “இவங்கதான் பாடுறாங்க. எட்டுப் பாட்டும் இவங்கதான்.”

நான் எட்டிப் பார்த்தேன். “ஏங்க, உங்க லண்டன்காரன் சேலை கட்டாத குறைதான்” என்றேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“இப்ப பசங்க பாட்டை வேகமா ஓட்டி ரீல்ஸ் போடுறாங்கல்ல, அந்த மாதிரி எவனோ கெடுத்து வெச்சிருக்கான். இது அசல் கெடையாது” என்றார்.

காவியா வாதாடவில்லை. போனில் எதையோ அழுத்தினாள். வேகம் குறைந்தது. அந்தப் பெண்ணின் குரல் இறங்கி, கனத்து, இழுத்து இழுத்து வந்தது. மேளம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியது. ஐயோ, அதே வயிற்று வலி. எனக்குக் கல்யாணமான புதிசு அப்படியே கண் முன்னால் வந்தது.

“இதுதான். இவன்தான்” என்றார் இவர். சொல்லிவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்.

“பாட்டு ஒண்ணுதான்ப்பா. உங்க டேப்ரிக்கார்டர் மெதுவா ஓடியிருக்கு. மைக்செட்காரரு பொட்டிதான் சரியா ஓடியிருக்கு.”

“அதெப்படி? அதே பொட்டியில ரேடியோ நல்லாத்தானே பாடுச்சு.”

“ரேடியோவுக்கு மோட்டார் எதுக்கு? கேசட்டு ஓடுறதுக்குத்தான் மோட்டாரு, பெல்ட்டு எல்லாம். வேற கேசட்டு போட்டதே இல்லையா?”

வேறு கேசட் ஒன்று இருந்தது. மாமனாரின் சாமிப் பாட்டு. சாமிப் பாட்டு நிதானமாக வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பக்தி கூடிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

“அந்தப் பொட்டிக்கு எப்பவாவது அடிகிடி பட்டுச்சாப்பா?”

“அடியெல்லாம் ஒண்ணும் படல. வாங்கின புதுசுல, கார்த்திகை மழையில, சைக்கிள்ல வரும்போது நனைஞ்சுது. அவ்ளோதான். சூளை மேல வெச்சேன், காஞ்சிடுச்சு.”

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சூளை வைத்திருக்கிற எங்களுக்கெல்லாம் ஒரு புத்தி உண்டு. எது நனைந்தாலும் கொண்டுபோய்ச் சூளை மேல் வைத்துவிடுவோம். சரக்கு வெந்து முடிந்து நெருப்பை அணைத்த பிறகும் சூளை நாள்கணக்கில் சூடாக இருக்கும். அதன் தலையில் சட்டை, செருப்பு, குடை, பிள்ளைகளின் புத்தகப் பை என்று ஏதாவது காய்ந்துகொண்டே இருக்கும். வீராயி ஒரு ஆடிமாசம் வடகம் காயவைத்து, அத்தனையும் கரியாகி, ஒரு வாரம் சூளையோடு பேசாமல் இருந்தாள். ஆனால் ரப்பர் சாமானை மட்டும் வைக்க மாட்டோம். சூட்டில் ரப்பர் தொளதொளத்துவிடும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவருக்கும் தெரியும். டேப்ரிக்கார்டருக்குள் ரப்பர் பெல்ட் இருப்பதுதான் தெரியாது.

சூளையைச் சொன்ன வாயோடு அவரும் அந்தப் பெல்ட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். முகத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் ஜாதகத்தில் அது ஒரு அதிசயம்.

“அவன் ஒண்ணுமே செய்யல” என்றார். “எல்லாம் நான்தான்.”

“எழுந்திருங்க. போயி அவங்ககிட்ட சொல்லுங்க.”

“எப்படி நாயகி சொல்றது?”

“வாயாலதான்.”

“வீராயிய வேணா அனுப்பி…”

அப்போதுதான் என் பொறுமை தீர்ந்தது. நாளைக்குக் காலையில் அவங்க வண்டி ஏறிடுவாங்க, கோயம்புத்தூருக்கும் வீராயியையே அனுப்பப் போறீங்களா என்று கத்திவிட்டேன். சட்டையைக் கையில் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். காவியா ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அண்ணன் ஷெட் காலியாகிக் கிடந்தது. அலமாரிகளெல்லாம் போய், சுவரில் அவை இருந்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அண்ணன் கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்து, விற்காமல் மிச்சப்பட்ட பொம்மைகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தார். சிவசங்கரி எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சணலைக் கீழே போட்டுவிட்டாள். மூலையில் வீராயி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

இவர் வாசலிலேயே நின்றார். தொண்டையைச் செருமினார். வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

“வீராயி, அவன்கிட்ட சொல்லு…”

வீராயி நிமிர்ந்து பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். “எனக்கு வேல இருக்குது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கலாம்.

இவருக்கு வேறு வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். மழை, சைக்கிள், சூளை, ரப்பர் பெல்ட், பாடியது ஆம்பளை இல்லை என்பது வரைக்கும்.  “நீ கேசட்ட மாத்தலடா. நான்தான் உன்ன அநியாயமா பேசிட்டேன்.”

அண்ணன் பொம்மையைச் சுற்றி முடித்து ஓரமாக வைத்தார்.

“தெரியும்” என்றார்.

“என்னா தெரியும்?”

“பெல்ட்டுதான்னு. என் பையன் காலேஜு படிக்கும்போது இந்தப் பாட்டத் தேடி எடுத்துப் போட்டான். கேட்ட ஒடனே புரிஞ்சுபோச்சு. அன்னிக்கு நீ பொட்டிய சூளை மேல வெச்சதப் பாத்தேன். வெக்காதடான்னு சொன்னேன். நீதான் கேக்கல.”

 எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “ஏண்ணே, பத்து வருஷத்துக்கு மேல தெரிஞ்சு வெச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்த இந்தச் செவுத்து மேல சொல்லக் கூடாதா? வீராயிகிட்டயாவது சொல்லி அனுப்பக் கூடாதா?”

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“சொல்லியிருப்பேன் தங்கச்சி. இவன உனக்குத் தெரியாதா? தப்பு அவன் மேலன்னு ஆயிட்டா, வெக்கத்துல என் கண்ணுல படாம ஷெட்ட மூடிட்டு எங்கயாவது போயிருப்பான். சண்டன்னு இருக்கறதாலதான் தெனமும் வாசல்ல வந்து நின்னான். வீராயிகிட்டயாவது கத்தினான். நானும் அவன் கொரலக் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

இவர் போய் அந்தத் தொட்டியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஆம்பளைகள் உட்காருகிற தொட்டி இல்லை அது. இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவசங்கரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நானும்தான் துடைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காவியாதான் பாட்டைப் போட்டாள். சரியான வேகத்தில். மஞ்சள் கோட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அண்ணன் இவரை ஒரு பார்வை பார்த்தார். இவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணனும் எழுந்தார். கால் ஞாபகம் வைத்திருந்தது, ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு சுற்று சுற்றுவதற்குள் அண்ணனுக்கு மூச்சிறைத்தது, இவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா வையிம்மா. பழைய மாதிரி வையி” என்றார் இவர்.

காவியா வேகத்தைக் குறைத்தாள். அந்தக் காலி ஷெட்டில், வயிற்று வலிக்காரன் பாட்டுக்கு, இரண்டு கிழங்களும் அத்தனை பாந்தமாக ஆடினார்கள். ஒரு காலடி பிசகவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். நான் கிண்டல் பண்ணலாம் என்று வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி முடித்ததும் இவர் சொன்னார்: “போவாதடா.”

“சாமானெல்லாம் முன்னாடியே போயிடுச்சுடா. இந்தத் தூசியில இனிமே என்னால நிக்க முடியாது.”

இவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் காலை விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் வண்டி நின்றுகொண்டிருந்தது. சேலத்தில் இறங்கிக் கோயம்புத்தூர் வண்டி மாற வேண்டும். இவர்தான் பெட்டிகளை ஏற்றினார். ஒன்றை மேலே வைத்தார், இறக்கினார், வேறு மாதிரி வைத்தார். தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது என்று ஒரு யோசனை. நான் பிளாட்பாரத்தில் நின்று சிவசங்கரியின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது. இவர் இறங்கவில்லை.

“ஏங்க, எறங்குங்க” என்று கூடவே நடந்தேன். ஜன்னலில் இவர் முகம் தெரிந்தது. “அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுறேன் நாயகி” என்றார். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “சின்னசேலம் வந்துடுச்சு. அடுத்தாப்புல ஆத்தூர்ல எறங்கிடுறேன்.”

ஆத்தூரில் இறங்கவில்லை. அங்கிருந்து போன்கூட வரவில்லை. பிரஷர் மாத்திரை வீட்டில் இருக்கிறது, மாற்றுத் துணி இல்லை, டிக்கெட் இல்லை, ஷெட்டில் இன்றைக்குச் சூளை ஏற்ற வேண்டும். வரட்டும், வந்ததும் வைத்துக்கொள்கிறேன் என்று என்னென்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்துவைத்தேன். நிறையவே இருந்தது.

சேலத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் ஒலிபெருக்கியும் டீ விற்கிறவர்களின் சத்தமும் கேட்டன.

“எங்க இருக்கீங்க? எப்ப திரும்புறீங்க?”

“இல்ல நாயகி.” சின்னப் பிள்ளை மாதிரி தயங்கினார். “அவன் கோயம்புத்தூருக்கு எனக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்துட்டான். பேச்சு இன்னும் பாதிகூட முடியல. விட்ட எடத்துலேருந்து வருஷ வருஷமா சொல்லிக்கிட்டு வரோம். அவங்கப்பா செத்தது, எனக்கு மஞ்சக் காமாலை வந்தது எல்லாம் ஆச்சு. இப்பதான் நம்ம கல்யாணத்துக்கு வந்திருக்கோம். அதுக்கு அவன நான் கூப்புடவே இல்லியே.”

யோசித்துவைத்திருந்த திட்டு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“அண்ணன்கிட்ட மொதல்லேருந்து சொல்லுங்க” என்றேன். “பந்தியில என்னென்ன போட்டாங்கன்னும் சொல்லுங்க. அவங்க சாப்புடலல்ல.”